மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40

யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் 'ஏ ஃபோர்ட்டி' என்றால் விளக்கம் தேவையில்லை. பூசணிக்காய் போல உருண்ட உடம்பு, பொனற்றின் நுனியில் பறக்கிற மாதிரி ஒரு 'ஏ' எழுத்து, உள்ளே பழைய சீற்றும் பெற்றோலும் கலந்த ஒரு மணம். கலியாணத்துக்கும் அதுதான், செத்தவீட்டுக்கும் அதுதான், பிள்ளைப்பெறுவுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கும் அதுதான். இங்கே பிறந்த எங்கட பிள்ளைகள் ஊர்க் கலியாண வீடியோக்களில் அந்தக் காரைக் கண்டுவிட்டு, "அங்க எல்லாரும் பழைய கார் சேர்க்கிறவையோ?" என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தில் இந்தக் கார்கள் துணி மூடிக் கொட்டிலுக்குள் நித்திரை கொண்டு, வெயில் எறிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வருபவை. எங்கட ஊரில் அவை ஐம்பது வருடம் உழைத்தவை. ஆசைக்காக வைத்திருந்தது கொஞ்சம். வேறு வழியில்லாமல் வைத்திருந்ததுதான் கூட. அந்த வழியில்லாமை எப்படி வந்தது என்பது எங்கட சரித்திரத்தில் ஒரு பக்கம். அதை எழுதி வைப்பம் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஒஸ்ரின் ஏ-40 பிறந்த இடம் பேர்மிங்காமிலுள்ள லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை, ஆண்டு 1947. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பிரித்தானியா கடனில் மூழ்கிக் கிடந்த நேரம் அது. உருக்கு பங்கீட்டில் இருந்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற கொம்பனிக்குத்தான் முன்னுரிமை. ஆகவே உள்ளூர்ச் சனம் ஒரு காருக்காக வருடக்கணக்கில் காத்திருக்க, புதுக் கார்கள் கப்பலேறி அமெரிக்கா, அவுஸ்திரேலியா, இலங்கை என்று போயின. எஞ்சின் 1200 சி.சி., ஏறத்தாழ நாற்பது குதிரைவலு. அதுதான் பெயரிலுள்ள 40. நாலு கதவு வைத்ததற்கு டெவன் என்றும் இரண்டு கதவு வைத்ததற்கு டோர்செற் என்றும் பெயர். 1952இல் அவற்றின் இடத்துக்கு சொமசெற் வந்தது. எங்கட ஊர் ஆட்கள் 'பூசணிக்காய்' என்று சொல்வது கூடுதலாக இந்த சொமசெற்றைத்தான். 1954க்குப் பிறகு கேம்பிரிட்ஜ் வந்து, ஏ-50, ஏ-55, ஏ-60 என்று இலக்கம் ஏறிக்கொண்டு போனது.

டெவன், டோர்செற், சொமசெற் எல்லாம் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள மாவட்டங்கள். நாங்கள் வரைபடத்தில் பார்க்க முன்னமே அந்தப் பெயர்களை மெக்கானிக்கின் வாயில் கேட்டவர்கள். அகதியாக வந்த புதிதில் ஒருநாள் பெருந்தெருவில் 'சொமசெற்' என்று பலகை கண்டபோது, பக்கத்தில் இருந்த நண்பர் "இஞ்ச பார், எங்கட கார்ப் பேரை ஊருக்கு வைச்சிருக்கிறாங்கள்" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

இந்தக் கார்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த காலம் நல்ல காலம். 1950, 51இல் கொரிய யுத்தத்தால் இறப்பர் விலை ஏறியது; இலங்கையிடம் அந்நியச் செலாவணி இருந்தது. டாக்குத்தர், அப்புக்காத்து, புகையிலை வியாபாரி, பெரிய உத்தியோகத்தர் என்று வாங்கினார்கள். மலாயாவில் வேலை செய்து பென்சனோடு திரும்பினவர்களும் வாங்கினார்கள். கொஞ்சம் சிக்கனக்காரர், குறிப்பாக வாத்திமார், மொறிஸ் மைனர் பக்கம் சாய்ந்தார்கள். ஏ-40 பாரம் இழுக்கிற மாடு, மைனர் பால் மாடு என்று எங்கட பெரியப்பா சொல்லுவார். ஏ-40க்குத் தனியாக ஒரு சட்டம் இருந்தது; உடம்பை அதன்மேல் தூக்கி வைத்திருப்பார்கள். ஆகவே உடம்பு கறள் பிடித்தாலும் கார் ஓடும். மைனருக்கு உடம்புதான் சட்டமும். அடித்தட்டு உக்கினால் கதை முடிந்தது.

மைனரைப் பற்றி ஒரு விசயத்தை அகதிகளாகிய நாங்கள் அறிந்திருக்க வேண்டும். அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1906இல் சிமிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் யுத்தத்தில் எரிந்தபோது, பிரித்தானியக் குடியுரிமை இருந்ததால் அவருடைய குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி மால்ராவுக்குக் கொண்டு போனார்கள். தகப்பன் வெகுகாலம் இருக்கவில்லை. தாயும் மகனுமாக அடுத்த வருடம் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். லண்டன் பற்றசீயில் படித்தார். கணிதத்தில் மூன்று தரம் தவறினார். அந்த மனிதர் செய்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. பிரித்தானியக் கார்களில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதற் கார் அதுதான். 1959இல் வந்த மினியும் அவருடைய வேலை. மைனரின் பொனற் நடுவில் நீளமாக ஒரு பட்டி புடைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உற்பத்தி தொடங்கப் போகிற நேரத்தில் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை நடுவால் அறுத்து, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்து, அதுதான் சரி என்று அகலமாக்கினார். அந்த நாலு அங்குலத்தின் தடம்தான் அது.

இனி நம்பர் பிளேற்றுக்கு வருவம். பழைய காரொன்றின் வயதை அறிய எஞ்சினைத் திறக்கத் தேவையில்லை. ஈ.எல்., ஈ.என்., சி.எல்., சி.என். என்று சிலோன் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1957க்கு முந்தியது. அந்த வருடத் தொடக்கத்திலிருந்து புதிதாகப் பதிகிற வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து என்று அரசாங்கம் விதித்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்து அப்போது ஒரு வருடம் கூட ஆகவில்லை. தமிழரசுக் கட்சி எதிர்த்து, தமிழ் ஸ்ரீயை எழுதச் சொல்லி இயக்கம் நடத்தியது. 1958 தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமையாகி, மார்ச் மாதத்தில் சிங்கள ஸ்ரீ போட்ட பஸ்கள் வடக்குக்கு வர, தார் பூசுவது மறுபடி தொடங்கியது. ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிபட்டது. மே மாதம் கலவரம். ஒரு எழுத்து எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். எங்கட ஏ-40களோ அந்தச் சண்டைக்கு முன்னமே பிறந்து, இங்கிலீஸ் எழுத்தோடு பேசாமல் ஓடிக்கொண்டிருந்தன. பெரியப்பாவின் கார் ஈ.எல். "என்ர காருக்கு ஒருத்தனும் தார் பூசேலாது" என்று அவர் சொல்லும்போது ஒரு சின்னப் பெருமை இருக்கும்.

அந்தக் காரை அவர் வாங்கியது 1964இல். பன்னிரண்டு வருடம் ஓடிய 1952ஆம் ஆண்டு சொமசெற். முதற் சொந்தக்காரர் புதிதாக வாங்கின விலையிலும் பார்க்கக் கூடக் கொடுத்தார். இங்கே பிள்ளைகளுக்கு இது விளங்காது. கார் பழசானால் விலை குறையும் என்பதுதான் அவர்கள் அறிந்தது. நடந்தது என்னவென்றால், தேயிலை, இறப்பர் விலை விழுந்து அந்நியச் செலாவணி வற்றியதால், 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதியை அரசாங்கம் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. 1977 வரை அப்படித்தான். நாட்டுக்குள் இருந்த கார்தான் கார். இந்தியாவும் கதவை மூடியது. ஆனால் அவர்களிடம் தொழிற்சாலை இருந்தது. மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்டை அம்பாசிடர் என்று பெயர் மாற்றி 1957 தொடக்கம் 2014 வரை செய்து தள்ளினார்கள். எங்களிடம் இருந்தது கராஜ்கள்தான். கொழும்பில் உபாலி போன்றவர்கள் 70களில் ஃபியற், மஸ்டா பூட்டினார்கள் என்பது உண்மை. அது சுன்னாகம் சந்தைக்கு வந்து சேரவில்லை.

பெரியப்பா சுன்னாகத்தில் ஹயர் ஓடினார். சொமசெற்றில் கியர் ஸ்ரியறிங் தண்டோடு இருக்கும், முன்சீற் வாங்கு மாதிரி ஒரே நீளம். ஆகவே றைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். எங்கட ஊரில் மூன்று. பின்னால் ஐந்து, மடியில் பிள்ளைகள். ஒருக்கால் கீரிமலைக்கு அந்தியேட்டிக்குப் போனபோது பதின்மூன்று பேர் இறங்கியதை நானே எண்ணினேன். வளைவில் திரும்புகிறபோது கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீட்டும், உள்ளே லைற் எரியும். அதுதான் அந்தக் காலத்து சிக்னல். அது பழுதானால் றைவர் தன் கையை நீட்டுவார். பின்சீற்றில் இருக்கிற பெடியங்களும் சேர்ந்து நீட்டினால் அடி விழும்.

நான் கார் ஓடப் பழகியது அதில்தான். முதல் கியரில் போட முன்னம் கார் முழுக்க நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லுக் கடிக்கிற சத்தம் சந்தி வரைக்கும் கேட்கும். அதற்கு முதல், காலையில் ஸ்ராட்டிங் ஹான்டில் போட்டுச் சுற்றப் பழக வேண்டும். பெருவிரலால் மடக்கிப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் கை முறியும். பெரியப்பா இதை மட்டும் நாலு தரம் சொன்னார். கிளச், கியர் எல்லாவற்றையும் ஒரு தரம்தான்.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. டற்சன், ரொயோட்டா, லான்சர் என்று யப்பான் கார்கள் இறங்கின. றோட்டில் மினிபஸ் ஓடத் தொடங்கியது. பல ஏ-40கள் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றன. கோழி அதற்குள் முட்டையிட்டது. சண்டை வராமல் இருந்திருந்தால், மற்ற இடங்களில் போல அவையும் 80களிலேயே இரும்புக்குப் போயிருக்கும். அதுதான் நியாயமான முடிவும் கூட.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம், சீமெந்து, பசளை என்று வடக்குக்குக் கொண்டு போகக் கூடாத பொருட்களுக்கு நீண்ட பட்டியல் வந்தது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு, கூப்பனுக்கு. ஒளித்து வருகிற பெற்றோல் மருந்து மாதிரிச் சின்னப் போத்தில்களில் விற்பட்டது. இப்போது எல்லாரும் கொட்டிலுக்குப் பின்னால் போய்க் கோழியைக் கலைத்துவிட்டு ஏ-40ஐ இழுத்து வெளியே எடுத்தார்கள்.

ஏன் ஏ-40? இதற்குக் காரணம் இருக்கிறது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. அமுக்கம் கூடின எஞ்சினுக்குள் போனால் முன்கூட்டியே பற்றி 'டொக் டொக்' என்று இடிக்கும். புது யப்பான் எஞ்சின்கள் இறுக்கமானவை. ஏ-40 யுத்தம் முடிந்த காலத்தில் மட்டமான பெற்றோலுக்காகக் குறைந்த அமுக்கத்தோடு செய்யப்பட்டது. காபரேட்டர் இருக்கிற பக்கத்திலேதான் புகை போகிற குழாயும்; எஞ்சின் சூடாகிவிட்டால் உள்ளே போகிற எண்ணெயும் சூடாகும். இங்கிலாந்தில் பழைய ஃபோட்சன் உழவுயந்திரங்களும் இப்படித்தான் ஓடின. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட அவற்றுக்கு இரண்டு தாங்கி இருந்தது. எங்கட கராஜ்காரர் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. தாங்களே கண்டுபிடித்தார்கள்.

எங்கட முறை இதுதான். பொனற்றுக்குள் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்திலில் அரை ரம்ளர் பெற்றோல். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காபரேட்டருக்கு. போத்திலை ஒருவர் அமத்த, மற்றவர் ஹான்டில் சுற்ற, எஞ்சின் பிடித்ததும் கொஞ்ச நேரம் உறும விட்டு மண்ணெண்ணெயைத் திறப்பது. ஒரு வெள்ளைப் புகை எழும்பும், கண் எரியும், பிறகு ஓடும். இழுவை பாதிதான். பிளக்கைக் கழற்றித் துடைக்க எப்போதும் ஒரு துணியும் சாவியும் சீற்றுக்குக் கீழே கிடக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு சேரும். ஆகையால் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அது சந்தோசப்படுகிற கூடல் இல்லை. ஒயில் தண்ணியாகித் தாங்கிகள் தேய்ந்துவிடும். புது ஒயிலும் இல்லை.

பற்றரி தடை என்றேன். அங்கேதான் அந்த ஹான்டில் காரைக் காப்பாற்றியது. சாகக் கிடக்கிற பற்றரியால் எஞ்சினைச் சுற்ற முடியாது, ஆனால் பிளக்கில் பொறி பறக்க அது காணும். சுற்றுவதை மனிதன் செய்வான், பிறகு டைனமோ பார்த்துக்கொள்ளும். ஹான்டில் போட ஓட்டையே இல்லாத புதுக் கார்களைத் தள்ளித்தான் ஆகவேண்டும்.

உதிரிப்பாகத்துக்கு ஒரு காரைத் தின்று மற்றக் கார் உயிர் வாழ்ந்தது. கடைசல்காரர் பித்தளையிலும் இரும்பிலும் கடைந்து கொடுத்தார். கஸ்கற்றை மட்டையில் வெட்டினார்கள். இதிலே ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அதே 90களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையம் ஒன்று, கைவேலை மலிவென்று இலங்கையிலே மைனர் பாகங்களைச் செய்வித்து இங்கே எடுத்து விற்றது. இலங்கையில் செய்த மட்காட் பாத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போக முடியவில்லை.

1988இல் பெரியப்பா காலமானபின் கார் என்னிடம் வந்தது. 90 முதல் 95 வரை நான் ஓடியதில் பாதி ஆஸ்பத்திரிப் பயணம். முன்லைற்றுக்குக் கறுப்புப் பூசி, நடுவில் ஒரு சதக்குத்தியளவு வெளிச்சம் விட்டு, ஹெலி சத்தம் கேட்டால் மரத்துக்குக் கீழே நிறுத்துவோம். நிறுத்தும்போது எஞ்சினை அணைக்கவும் ஏலாது. மறுபடி ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேணும். ஹெலிச் சத்தமும் எங்கட எஞ்சின் சத்தமும் பின்சீற்றில் நோவிலே முனகுகிற பெண்ணுமாக நின்ற இரவுகள் உண்டு. அந்தக் காருக்குள்ளேயே ஒரு பிள்ளை பிறந்தது, மருதனார்மடத்துக்குக் கிட்ட. அவர் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார்.

1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி இங்கே பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்தது. மழையும். காருக்குள் பெரியம்மாவும், நடக்க ஏலாத அயல்வீட்டுக் கிழவர் இரண்டு பேரும், ஒரு தையல் மெசினும், சாமிப்படமும். மண்ணெண்ணெய்க் கார் மெதுவாக ஊரச் சூடேறி நின்றுவிடும். சனத்துக்குள் அது ஊரத்தான் முடியும். ஆகவே எஞ்சினை விட்டுவிட்டுத் தள்ளினோம். ஆரென்றே தெரியாத ஆட்கள் ஒரு கையால் தங்கட சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மட்காட்டில் தள்ளினார்கள். ஒரு தொன் இரும்பை இந்த நேரத்தில் ஏன் இழுக்கிறாய் என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரும் தள்ளினார். கைதடி வந்து சேர விடிந்துவிட்டது.

1996இல் திரும்பிப் போனபோது காரும் திரும்பியது. நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அதை எங்கட கராஜ்காரரிடம் கொடுத்தேன். அவர் காசு தர நின்றார். ஆறு வருடம் அதை உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான். அவரிடம் எதற்குக் காசு? 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. அடுத்த வருடம் நான் போனேன். கார் பெற்றோலில் ஓடியது. கறுப்பு அடித்து, 'ஏ' எழுத்தை மினுக்கி, பின்கண்ணாடியில் மாப்பிள்ளை பொம்பிளையின் பெயர் ஒட்டியிருந்தது. வீடியோக்காரர் அந்தக் காரைத்தான் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னார். பொனற்றைத் திறந்து காட்டினார். போத்தில் கட்டியிருந்த கம்பி மட்டும் அப்படியே இருந்தது. "அதை ஏன் அண்ணை கழட்டேல்லை?" என்றேன். "இருக்கட்டும், பாதை எவ்வளவு நாளைக்குத் திறந்திருக்குமோ" என்றார். 2006 ஓகஸ்டில் மறுபடி மூடினார்கள். அதற்கு முதல் வருடமே, 2005இல், அந்தக் காரைச் செய்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை முறிந்து ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

கராஜ்காரர் இப்போது இல்லை. அவரிடம் வேலை பழகினவர்கள் கனடா, நோர்வே, சுவிஸ் என்று சிதறிவிட்டார்கள். எந்தக் குழாயை எங்கே வளைத்தோம், எந்தக் கஸ்கற்றை எந்த மட்டையில் வெட்டினோம் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இதை வாசிக்கிறவர்களில் ஹயர் ஓடினவர்களோ கராஜில் நின்றவர்களோ இருந்தால், அடுத்த மலருக்கு ஒரு பக்கமாவது எழுதுங்கோ. எழுத ஏலாதென்றால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கோ. பழைய ஹயர் காரோடு நின்று எடுத்த படங்கள் அல்பங்களில் இருக்கும். பிரதி எடுத்துச் சங்கத்திடம் கொடுங்கோ. நம்பர் பிளேற் தெரிகிற படமென்றால் இன்னும் நல்லது.